ஓலைப் பெட்டிக்கு என்ன கூலி? முகாம் பெண்களின் கைவினை குறித்து வாசகர் கேள்விகள்

இம்முறை கைவினைப் பகுதிக்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைக் கேட்டன. தமிழ்நாட்டில் உள்ள இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்களில் வாழும் பெண்கள் கைவேலை செய்து சம்பாதிக்க என்ன வழி? வெளியில் இருக்கிறவர்கள் அதற்கு எப்படித் துணை நிற்கலாம்? 2021 ஆகஸ்டில் சட்டமன்றத்தில் சொல்லப்பட்ட கணக்கின்படி முகாம்களில் 18,944 குடும்பங்கள், 58,822 பேர் வசிக்கிறார்கள். பனை ஓலை வேலை பற்றிக் கேட்டவர்களே அதிகம் என்பதால் பதில்களும் அதைச் சுற்றியே அமைந்திருக்கின்றன.

கேள்வி: எங்கள் குடியிருப்புப் பெண்கள் பத்துப் பேர் சேர்ந்து, பக்கத்தில் உள்ள கொட்டப்பட்டு முகாமில் ஒரு வாரம் கைவினைப் பயிற்சி நடத்த நினைக்கிறோம். டெரகோட்டா நகை, காகிதப் பை, ஆரி வேலை, பனை ஓலை – எதைச் சொல்லிக் கொடுக்கலாம்?
(திருச்சி வாசகி)

பதில்: பயிற்சியை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். முதலில் வாங்குகிறவரைத் தேடுங்கள். ஒரு வாரப் பயிற்சி, கடைசி நாளில் சான்றிதழ், குழுப் படம் என்று முடிந்த முயற்சிகளை முகாம் பெண்கள் நிறையப் பார்த்துவிட்டார்கள். கற்றுக்கொண்டதை யாரும் வாங்கவில்லை என்றால் அடுத்த முறை கூப்பிடும்போது வரமாட்டார்கள். அவர்கள் வராததில் நியாயம் இருக்கிறது.

முகாமுக்குப் போய் நான்கு விஷயங்களைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். யாருக்கு என்ன வேலை ஏற்கெனவே கைவந்திருக்கிறது? ஒரு நாளில் எத்தனை மணி நேரம் ஒதுக்க முடியும், எந்த நேரத்தில்? மூலப்பொருள் பேருந்து தூரத்தில் கிடைக்குமா? மாதம் எவ்வளவு கிடைத்தால் இந்த வேலையை விடாமல் செய்வார்கள்? கடைசிக் கேள்விதான் மிக முக்கியம். பெயின்ட் அடிக்கவோ கட்டட வேலைக்கோ போனால் அன்றன்றே கூலி கிடைக்கும். கைவினைப் பணம் இரண்டு மாதம் கழித்து வருமென்றால் குடும்பத்தை ஓட்டுகிற பெண்ணால் அதில் இறங்க முடியாது.

இன்னொன்று, முகாமில் இருக்கிறவர்கள் எல்லாரும் யாழ்ப்பாணத்தார், ஆகவே எல்லாருக்கும் ஓலை வேலை தெரியும் என்று எண்ணிவிடாதீர்கள். மலையகத்திலிருந்து வந்த குடும்பங்கள் கணிசமாக உண்டு. அவர்கள் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்தவர்கள். வடக்கிலிருந்து வந்த மூத்த பெண்களுக்கு கடகம் (ஓலைக் கூடை), சுளகு (முறம்), நீத்துப்பெட்டி (பிட்டு அவிக்கும் பெட்டி) எல்லாம் கைப்பழக்கம். 1983க்குப் பிறகு இங்கே பிறந்து வளர்ந்த பெண்களில் பலர் ஓலை கிழிக்கிற சிறு கத்தியான சத்தகத்தைக் கையில் பிடித்ததே இல்லை. தெரிந்த அம்மாமார் இரண்டு பேர் இருந்தால் அவர்களையே ஆசிரியர்களாக்கி, கற்றுக்கொடுக்கிற மணிக்கும் கூலி கொடுங்கள். வெளியிலிருந்து பயிற்சியாளரைக் கூட்டி வருவதைவிட இது நிலைக்கும்.

கேள்வி: நாங்கள் எட்டுப் பேர் சேர்ந்து ஓலைப் பெட்டி இழைக்கிறோம். போன ஐப்பசியில் வாங்கி வைத்த ஓலை முழுக்கப் பூஞ்சணம் பிடித்து, பெட்டியிலும் கறுப்புப் புள்ளி வந்துவிட்டது. கந்தகப் புகை போட்டால் சரியாகும் என்கிறார்கள். போடலாமா?
(ராமநாதபுரம் மாவட்ட முகாம் வாசகி)

பதில்: கந்தகம் வேண்டாம். அது ஓலையை வெளுக்கும், பூஞ்சணத்தையும் ஓரளவு தடுக்கும். ஆனால் அந்தப் புகை மூச்சுக்குழாயை எரிக்கும். சுவரோடு சுவர் ஒட்டிய பத்துக்குப் பத்து வீட்டு வரிசையில் அதைப் போட்டால் பக்கத்து வீட்டுக் குழந்தைக்கும் இளைப்புக்காரருக்கும் முதலில் ஆபத்து. பூஞ்சணத்துக்கு மூல காரணம் ஈரம். அதைக் கவனித்தால் புகைக்கு வேலையே இல்லை.

குருத்தோலை வெளிப்பார்வைக்குச் சீக்கிரம் காய்ந்துவிடும். ஈர்க்கை ஒட்டிய பகுதி மட்டும் உள்ளே ஈரமாக இருக்கும். கையால் தொட்டுப் பார்த்து முடிவு செய்வதால்தான் தவறு நடக்கிறது. தராசில் பாருங்கள். விரித்துக் காயவைத்த ஓலையில் ஒரு கட்டை மட்டும் அடையாளம் கட்டித் தனியே வையுங்கள். தினமும் சாயங்காலம் ஒரே நேரத்தில் எடை போட்டுச் சுவரில் எழுதுங்கள். இரண்டு நாள் அடுத்தடுத்து எடை குறையாமல் நின்றால் ஓலை காய்ந்துவிட்டது. நல்ல வெயிலில் மூன்று நாள் ஆகும். மூட்டமாக இருந்தால் வாரம்கூட ஆகும். காயும்போது மடிப்பை விரித்து, நாளுக்கு இரண்டு முறை புரட்டிப் போட வேண்டும். அந்தியில் பனி இறங்குவதற்கு முன்பே உள்ளே எடுத்துவிடுங்கள்.

காய்ந்ததை பாலித்தீன் பையில் மூடாதீர்கள். இரவுக் குளிரில் பைக்குள் நீர் கோத்து, வெளியே போக வழியில்லாமல் ஓலையிலேயே இறங்கிவிடும். பழைய பருத்திச் சேலையிலோ சாக்கிலோ சுற்றி, தரையிலிருந்து ஓர் அடி உயரத்தில் பலகை போட்டு, சுவரில் படாமல் வையுங்கள். சமையல் நடக்கிற பக்கம் வேண்டாம். அரிசி வடிக்கிற ஆவியே போதும் கெடுப்பதற்கு.

இரண்டாவது ஈரம் இழைக்கும்போது வருகிறது. காய்ந்த ஓலை ஒடியும் என்று தண்ணீரில் முக்கி எடுக்கிறீர்கள் அல்லவா? அதற்குப் பதில், அன்று இழைக்க வேண்டிய பட்டைகளை மட்டும் நனைத்துப் பிழிந்த துணியில் அரை மணி நேரம் சுற்றி வையுங்கள். வளைந்து கொடுக்கிற அளவு ஈரம் போதும். மிச்சப் பட்டையை ஈரத்தோடு கட்டி வைக்காதீர்கள். முடித்த பெட்டியை மூடி திறந்த நிலையில் ஒரு நாள் முழுக்கக் காற்றாட வைத்த பிறகுதான் அடுக்க வேண்டும்.

மழைக்காலத்துக்கு வேண்டிய ஓலையை புரட்டாசி பாதிக்குள் காயவைத்து இருப்பு வையுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் பச்சை ஓலை வாங்கவே கூடாது. பிடித்துவிட்ட பூஞ்சணம் வெள்ளையாக மேலோட்டமாக இருந்தால் வினிகரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து வெயிலில் போடுங்கள், போய்விடும். கறுப்புப் புள்ளி ஓலைக்குள் இறங்கிய கறை; அது போகாது. அதைச் சாயம் போட்டு மறைத்து விற்காதீர்கள். ஈரம் பட்டதும் திரும்ப வளரும், உங்கள் குழுவின் பெயர் அதோடு போகும்.

ஓலைக்காக மரத்தைக் கெடுக்காமல் இருப்பதும் உங்கள் தொழிலுக்கு முதல். பனை ஏறத்தாழ மாதத்துக்கு ஓர் ஓலைதான் விடும். ஒரே மரத்தில் தொடர்ந்து குருத்தை வெட்டினால் மரம் நலிந்துவிடும். வெட்டுகிறவரிடம் மரத்தை மாற்றி மாற்றி வெட்டச் சொல்லுங்கள். கடகத்தின் உள்சுற்று, பெட்டியின் அடி போன்ற இடங்களுக்குச் சற்று முற்றிய சாரோலையே போதும்.

கேள்வி: ஒரு கடைக்கு நூறு மூடிப் பெட்டி கொடுத்தோம். பாதிக்கு அளவு சரியில்லை, மூடி இறுகுகிறது என்று திருப்பிவிட்டார்கள். எல்லாரும் ஒரே மாதிரியைப் பார்த்துத்தான் இழைத்தோம். எங்கே தவறு?
(கும்மிடிப்பூண்டி வாசகி)

பதில்: மாதிரியைப் பார்த்துச் செய்ததுதான் தவறு. ஒருவர் பார்த்துச் செய்ததை இன்னொருவர் பார்த்து, அதை மூன்றாமவர் பார்த்தால் அளவு நகர்ந்துகொண்டே போகும். கண்ணுக்குப் பதில் அச்சும் அளவுகோலும் வேலை செய்ய வேண்டும்.

முதலில் பட்டையின் அகலம். 15 செ.மீ. சதுரப் பெட்டியை 1 செ.மீ. பட்டையில் இழைத்தால் அடிக்கு நெடுக்கில் 15, குறுக்கில் 15, ஆக 30 பட்டை. ஒருவர் கிழித்த பட்டை 1 செ.மீ., இன்னொருவருடையது 1.1 என்றால் பதினைந்து பட்டையில் ஒன்றரை சென்டிமீட்டர் வித்தியாசம் வந்து நிற்கும். ஒரு மரத்துண்டில் இரண்டு பிளேடுகளைச் சரியாக 1 செ.மீ. இடைவெளியில் பதித்து, அதன்மேல் ஓலையை வைத்து இழுத்தால் எல்லாப் பட்டையும் ஒரே அகலத்தில் வரும். பிளேடு மழுங்கினால் ஓரம் பிசிறடிக்கும், அப்போதே மாற்றுங்கள். பட்டை கிழிக்கிற வேலையை ஒருவர் இருவரிடம் மட்டும் கொடுத்து, மற்றவர்களுக்கு எண்ணிக் கொடுப்பது இன்னும் நல்லது.

அடுத்தது நீளம். அந்தப் பெட்டியின் உயரம் 10 செ.மீ. என்றால் ஒவ்வொரு அடிப்பட்டையும் 15, இருபக்கச் சுவருக்கு 10 + 10, விளிம்பு மடிக்க 4 + 4, மொத்தம் 43 செ.மீ. வேண்டும். சுவரைச் சுற்றுகிற பட்டை 60 செ.மீ. சுற்றளவு, மேலே ஏற்றிச் சொருக 5, ஆக 65 செ.மீ.; பத்துச் சுற்றுக்குப் பத்துப் பட்டை. ஓலை அவ்வளவு நீளம் வரவில்லை என்றால் இணைப்பு மூலையில் விழாமல் பாருங்கள். மூலைதான் அதிகம் இழுபடும் இடம். சுவரின் நடுவில், உள்பக்கமாக, மூன்று பட்டை தூரத்துக்கு ஒன்றின்மேல் ஒன்று ஏற்றிச் சொருகினால் பிரியாது.

மூன்றாவது அச்சு. 15 × 15 × 10 செ.மீ. மரக்கட்டை ஒன்றை தச்சரிடம் வழவழப்பாக இழைத்து வாங்குங்கள். அடி முடிந்ததும் பின்னலை அதன்மேல் கவிழ்த்து, பட்டைகளை மடித்துக் கட்டையை ஒட்டிச் சுற்றினால் கை இறுக்கம் எப்படி இருந்தாலும் அளவு மாறாது. மூடிக்குத் தனி அச்சு தேவையில்லை. முழுதாகக் காய்ந்த பெட்டியின் வெளிப்புறம் சுற்றிலும் 2 மி.மீ. கனமுள்ள அட்டை ஒன்றைச் சுற்றி, அதன்மேலேயே மூடியை இழைத்துவிட்டு அட்டையை உருவுங்கள். பக்கத்துக்கு 2 மி.மீ. இடைவெளி கிடைக்கும். ஈரக்காற்றில் ஓலை லேசாகப் பருத்தாலும் மூடி இறுகாது. பெட்டி காய்வதற்கு முன்னால் மூடி இழைத்தால் எதிர்த் தவறு நடக்கும்: பெட்டி சுருங்கி மூடி தொளதொளவென்று ஆடும்.

ஒப்புக்கொண்ட மாதிரியில் இரண்டு செய்து, ஒன்றைக் கடைக்காரரிடம் கையெழுத்திட்ட சீட்டோடு கொடுங்கள். மற்றொன்று உங்களிடம் இருக்கட்டும். எத்தனை மி.மீ. கூடக்குறைய இருக்கலாம் என்பதையும் அந்தச் சீட்டில் எழுதிவிடுங்கள். கைவேலையில் 3 மி.மீ. வித்தியாசத்தை நியாயமான வியாபாரி ஏற்றுக்கொள்வார். பேச்சோடு விட்டால் அவர் மனப்படிதான் அளவு.

கேள்வி: சிவப்பும் பச்சையும் சாயம் போட்ட தாம்பூலப் பெட்டி, வெற்றிலை ஈரம் பட்டதும் கையெல்லாம் ஒட்டுகிறது. எப்படித் தடுப்பது?
(திண்டுக்கல் வாசகி)

பதில்: சாயம் அதிகமாகப் போட்டு, குறைவாக அலசியிருக்கிறீர்கள். ஒரு கிலோ காய்ந்த ஓலைக்கு 20 லிட்டர் தண்ணீர், 10 முதல் 15 கிராம் சாயத்தூள் போதும். தூளைத் தனியே வெந்நீரில் கரைத்து, துணியில் வடிகட்டிச் சேர்க்க வேண்டும். கரையாத தூள்தான் திட்டுத் திட்டாக ஒட்டிக்கொண்டு பிறகு கையில் வருகிறது. சாயம் போடுமுன் ஓலையைச் சாதாரண வெந்நீரில் கால் மணி நேரம் ஊறவைத்தால் நிறம் சீராக ஏறும். கொதிநிலைக்குச் சற்றுக் கீழே அரை மணி நேரம் புரட்டிக்கொண்டே இருந்து, அதே நீரில் ஆறவிட்டு எடுங்கள். பிறகு தண்ணீர் தெளிவாக ஓடும்வரை அலசி, நிழலில் காயவையுங்கள்.

ஒவ்வொரு முறை சாயம் போட்டதும் ஒரு பட்டையை எடுத்து, நனைத்த வெள்ளைத் துணியால் பத்து முறை அழுத்தித் தேயுங்கள். துணியில் நிறம் தெரிந்தால் மறுபடி அலச வேண்டும். பளிச்சென்ற மெஜந்தா, கிளிப்பச்சைத் தூள்களில் சில உடலுக்குக் கேடானவை. வாயில் துணி, கையில் உறை இல்லாமல் தொடாதீர்கள். சாயப் பாத்திரம் திரும்பச் சமையலுக்குப் போகக் கூடாது. சாயத்தண்ணீரைக் குழாயடியிலோ சாக்கடை அடைத்த இடத்திலோ கொட்டாதீர்கள்.

உணவு படுகிற எந்தப் பொருளுக்கும் சாயமே வேண்டாம். வெற்றிலைப் பெட்டி, இடியப்பத் தட்டு, பலகாரப் பெட்டி எல்லாம் ஓலையின் சொந்த நிறத்தில் இருக்கட்டும். வண்ணம் கட்டாயம் வேண்டுமென்றால் மூடியின் வெளிச்சுற்றில் மட்டும் வையுங்கள். பதிமுக மரக்கட்டையில் சிவப்பும், கடுக்காயோடு இரும்புத்துரு நீர் சேர்த்துக் கருஞ்சாம்பலும் எடுக்கலாம். மஞ்சள் கிழங்கு நிறம் அழகுதான், ஆனால் வெயில் பட்டால் சில நாளில் வெளிறும். கடை அலமாரிக்கு அது ஆகாது.

கேள்வி: கடைக்காரர் ஒரு மூடிப் பெட்டிக்கு 120 ரூபாய் தருகிறேன் என்கிறார். நல்ல விலையா?
(ஈரோடு மாவட்ட முகாம் வாசகி)

பதில்: நீங்கள் செலவிடும் நேரத்தை எழுதிப் பாருங்கள், விடை கிடைத்துவிடும். இங்கே எடுத்துக்காட்டுக்கு ஒரு கணக்கு போடுகிறோம். உங்கள் எண்களை இட்டு நீங்களே திருத்திக்கொள்ளலாம்.

ஓலை 30 ரூபாய், நார், சாயம், அட்டை எல்லாம் 10 ரூபாய், ஆக மூலப்பொருள் 40. பட்டை கிழிக்க அரை மணி, இழைக்க இரண்டரை மணி, மூடிக்கும் விளிம்புக்கும் ஒரு மணி, மொத்தம் நான்கு மணி நேரம். தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு 2024–25இல் வைத்த கூலி நாளுக்கு 319 ரூபாய். அதை எட்டு மணியால் வகுத்தால் மணிக்கு ஏறத்தாழ 40. அதற்குக் கீழே எந்தக் கைவேலையும் இறங்கக் கூடாது என்பது எங்கள் உறுதியான கருத்து. நான்கு மணிக்கு 160. கழிவாகிப் போகும் பெட்டிகளுக்காக 10. வாடகை, பேருந்து, தொலைபேசி போன்ற பொதுச் செலவுக்கு 20. இதுவரை 230. குழுவின் சேமிப்புக்குப் பத்து சதவீதம் சேர்த்தால் 253; மொத்த விலை 255 என்று வையுங்கள்.

120க்குக் கொடுத்தால் என்ன ஆகும்? மூலப்பொருள் 40, கழிவு 10, பொதுச் செலவு 20 போக மிச்சம் 50. நான்கு மணி நேர உழைப்புக்கு 50 ரூபாய், மணிக்குப் பன்னிரண்டரை. குழுக்கள் உடைவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். சண்டை வந்து பிரிவதாகத் தெரியும். உள்ளே பார்த்தால் யாருக்கும் கூலி கட்டவில்லை என்பதே காரணம்.

255 கொடுக்க ஆள் இல்லை என்றால் கூலியைக் குறைக்காமல் நேரத்தைக் குறையுங்கள். பட்டையை 1 செ.மீ.க்குப் பதில் ஒன்றரை செ.மீ. ஆக்கினால் அடிக்கு 30 பட்டை வேண்டிய இடத்தில் 20 போதும், சுவரில் பத்துச் சுற்று ஏழாகும். மூடியை எடுத்துவிட்டால் மூடிக்கும் விளிம்புக்கும் போகும் ஒரு மணியில் மூடிக்கான நேரம் மிச்சம். அதே கடைக்காரருக்கு 120 ரூபாயில் கொடுக்கக்கூடிய வேறொரு பொருளை நீங்களே உருவாக்கிக் காட்டலாம்.

கடைக்காரர் 255க்கு வாங்கி 500க்கு விற்கிறார் என்று கோபப்பட வேண்டாம். கடை வாடகை, ஆள் சம்பளம், விற்காமல் கிடக்கும் சரக்கு எல்லாம் அதில் அடங்கும். ஆனால் கண்காட்சியில் நீங்களே விற்கும்போது 255க்கு விற்காதீர்கள். பயணச் செலவும் ஒரு நாள் கூலியும் அதில் ஏறட்டும். கடைக்கும் உங்களுக்கும் விலை பாதிக்குப் பாதி வித்தியாசப்பட்டால் கடைக்காரர் அடுத்த முறை வாங்கமாட்டார்.

கேள்வி: தை மாதம் மகள் கல்யாணம். வந்தவர்களுக்குக் கொடுக்க முகாம் பெண்களிடம் 200 ஓலைப் பெட்டி வாங்க ஆசை. எப்போது சொன்னால் போதும்?
(சென்னை வாசகர்)

பதில்: ஆவணியிலேயே சொல்லுங்கள், ஐயா. ஒரு பெட்டிக்கு நான்கு மணி என்றால் 200 பெட்டிக்கு 800 மணி. பத்துப் பெண்கள் வீட்டு வேலை போக நாளுக்கு நான்கு மணி இழைத்தால் ஒரு நாளைக்கு 40 மணி. இருபது வேலை நாள். வாரத்துக்கு ஐந்து நாள் என்று வைத்தால் நான்கு வாரம். மாதிரி காட்டி முடிவு செய்ய ஒரு வாரம், ஓலை வாங்கிக் காயவைக்க ஒரு வாரம், மழை, காய்ச்சல் வந்தால் சமாளிக்கக் கூடுதலாக இரண்டு வாரம். எட்டு வாரம் ஆகிவிட்டது. கார்த்திகையில் போய்க் கேட்டால் ஓலையும் ஈரம், வேலையும் அவசரம்.

முன்பணம் பாதி கொடுங்கள். மேலே சொன்ன விலையில் 200 பெட்டிக்கு 51,000 ரூபாய், பாதி 25,500. மூலப்பொருளுக்கு 8,000, கூலியில் முதல் பாதி 16,000 என்று அதில் 24,000 போய்விடும். முன்பணம் இல்லாவிட்டால் அந்தப் பெண்கள் வட்டிக்கு வாங்கித்தான் உங்கள் பெட்டியைச் செய்ய வேண்டியிருக்கும். முகாமில் அரசு கொடுக்கும் மாத உதவி குடும்பத் தலைவருக்கு 1,500, மற்ற பெரியவர்களுக்கு 1,000, பிள்ளைகளுக்கு 500 ரூபாய் என்று 2021இல் உயர்த்தப்பட்டது. அதிலிருந்து உங்கள் ஆர்டருக்கு முதல் போட முடியாது. உலக அளவில் நியாய வணிக அமைப்புகளும் கைவினை செய்கிறவர்கள் கேட்டால் பாதியாவது வட்டியில்லா முன்பணம் தர வேண்டும் என்பதையே விதியாக வைத்திருக்கின்றன.

நடுவில் ஒரு முறை 20 பெட்டி முடிந்ததும் நேரில் பாருங்கள். 200ம் முடிந்த பிறகு நிறம் பிடிக்கவில்லை என்று சொல்வது யாருக்கும் நல்லதல்ல.

கேள்வி: வெளியூருக்குக் கூரியரில் அனுப்பினால் பெட்டியின் விலையைவிட அனுப்பும் செலவு அதிகமாகிறது. ஓலை எடையே இல்லாத பொருளாயிற்றே?
(மதுரை வாசகி)

பதில்: கூரியரில் எடையைப் போல அடைத்துக்கொள்கிற இடத்துக்கும் காசு. நீளம், அகலம், உயரத்தை செ.மீ.யில் பெருக்கி, வழக்கமாக 5,000ஆல் வகுக்கிறார்கள், வருவது கிலோ. 40 × 40 × 40 செ.மீ. அட்டைப்பெட்டி 64,000, வகுத்தால் 12.8 கிலோ. உள்ளே இருப்பது இரண்டு கிலோ ஓலையாக இருந்தாலும் 12.8 கிலோவுக்குத்தான் கட்டணம்.

ஒன்றுக்குள் ஒன்று அடங்கும்படி மூன்று அளவுகளில் செட்டாகச் செய்து விற்பதே இதற்கு நல்ல வழி. வெளிமாநிலத்துக்குத் தட்டையாக மடியும் பொருள்களைத் தேர்ந்தெடுக்கலாம்: மேசை விரிப்பு, விசிறி, உறை, புத்தக அடையாளம். கல்யாண ஆர்டரைப் பேருந்து பார்சலில் அனுப்பினால் செலவு குறையலாம். வெளிநாட்டிலிருந்து கேட்டால் அவசரப்பட்டு அனுப்பிவிடாதீர்கள். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து போன்ற நாடுகள் தாவரப் பொருளைப் பிரித்துச் சோதிக்கும். வண்டு துளைத்த ஓர் ஓட்டை தெரிந்தாலும் சரக்கு நின்றுவிடும்.

கேள்வி: சென்னைக் கண்காட்சியில் கடை போட எங்களைக் கூப்பிடுகிறார்கள். முகாமிலிருந்து போகலாமா? பில் கேட்டால் என்ன செய்வது?
(வேலூர் மாவட்ட முகாம் வாசகி)

பதில்: போகலாம், முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிட்டு. எந்த நாள் முதல் எந்த நாள் வரை, யார் யார், எங்கே தங்குகிறீர்கள் என்று முகாம் பொறுப்பு அலுவலரிடம் மனு கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான கையெழுத்தோடு நகல் வைத்துக்கொள்ளுங்கள். கண்காட்சித் தேதி ஆள் சரிபார்க்கும் நாளோடு மோதுகிறதா என்று முதலில் பாருங்கள். மோதினால் யார் போவது, யார் முகாமில் இருப்பது என்பதைப் பிரித்துக்கொள்வதே பாதுகாப்பு. அடையாள அட்டையின் மூலத்தைக் கையில் கொண்டுபோங்கள்.

உங்கள் சுய உதவிக் குழு மகளிர் திட்டத்தில் இருந்தால் 'மதி' பெயரில் நடக்கும் விற்பனைக் காட்சிகளிலும், மாவட்டத்துப் பூமாலை வணிக வளாகத்திலும் இடம் கேளுங்கள்.

தமிழ்நாட்டுக்குள் பொருள் விற்கிற குழுவுக்கு ஆண்டு விற்பனை 40 லட்சம் ரூபாய் தாண்டாதவரை ஜி.எஸ்.டி. பதிவு தேவைப்படாது. வரிசை எண், தேதி, பொருள், எண்ணிக்கை, தொகை போட்ட சாதாரண ரசீதுப் புத்தகம் போதும். குழுவின் பெயரில் வங்கிக் கணக்கு இருந்து, பணம் அதில் வருவது எல்லாருக்கும் நல்லது.

கேள்வி: பெட்டியோடு வைக்கும் சீட்டில் 'அகதிப் பெண்கள் செய்தது' என்று எழுதி, அவர்கள் படமும் போட்டால் நன்றாக விற்குமே?
(கோவை வாசகர்)

பதில்: ஒரு முறை விற்கும். இரக்கப்பட்டு வாங்கியவர் கடமை முடிந்தது என்று நினைப்பார். பெட்டி பிடித்து வாங்கியவர்தான் இன்னொன்று கேட்பார். மாதாமாதம் வேலை வேண்டும் என்றால் இந்த இரண்டாவது ஆளைத்தான் தேட வேண்டும்.

படம் போடுவதில் ஆபத்தும் இருக்கிறது. இலங்கையில் உறவினர் உள்ளவர்கள், குடியுரிமை விண்ணப்பம் போட்டவர்கள், திரும்பிப் போக யோசிப்பவர்கள் என்று ஒவ்வொருவர் நிலையும் வேறு. இந்த வருடம் சரி என்று சொன்ன படம் அடுத்த வருடம் அவருக்கே இடைஞ்சல் ஆகலாம், இணையத்தில் ஏறியதைத் திரும்ப எடுக்க முடியாது. குழுவிடம் கேளுங்கள். எழுதச் சொன்னால் எழுதுங்கள், வேண்டாம் என்றால் காரணம் கேட்காமல் விட்டுவிடுங்கள். சீட்டில் பனை ஓலை, கையால் இழைத்தது, எத்தனை மணி நேரம், ஈரம் படாமல் வைக்கவும் என்ற நான்கு செய்தி இருந்தால் வாங்குகிறவருக்கு அதுவே பயன்.

டெல்லியில் ஆப்கானிஸ்தான் பெண்கள் ஆலைகளில் மிஞ்சும் துணியில் பொம்மை தைக்கிறார்கள். சிலாய்வாலி என்ற நிறுவனம் அவற்றை விற்கிறது. அகதிகளின் கைவினைப் பொருள்களைச் சந்தைக்குக் கொண்டுபோகும் ஐ.நா. அகதிகள் ஆணையத்தின் மேட்51 திட்டத்திலும் அது இருக்கிறது. யார் செய்தார்கள் என்பதை அவர்களும் சொல்கிறார்கள். ஆனால் கடையில் பொம்மையை எடுக்கும் கை முதலில் தையலைத்தான் பார்க்கிறது.

கேள்வி: தொடர்ந்து இழைத்தால் விரல் நுனி வெடிக்கிறது, இரவில் கழுத்து வலிக்கிறது. ஆர்டர் இருப்பதால் நிறுத்தவும் முடியவில்லை.
(பவானிசாகர் வாசகி)

பதில்: ஓலையின் ஓரம் நுண்ணிய அரம் போன்றது, ஈரக்கையை இன்னும் எளிதாக அறுக்கும். ஆள்காட்டி விரலிலும் கட்டைவிரலிலும் துணி பிளாஸ்திரி சுற்றிக்கொண்டு இழையுங்கள். ரப்பர் உறை வழுக்கும். இரவில் தேங்காய் எண்ணெய் தடவலாம், காலையில் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகு ஓலையைத் தொடுங்கள், எண்ணெய்க் கறை ஓலையை விட்டுப் போகாது. தரையில் குனிந்து உட்காராமல், சுவரில் சாய்ந்து, அச்சுக்கட்டையை மடியளவு உயரமான முக்காலியில் வையுங்கள். முக்கால் மணிக்கு ஒரு முறை எழுந்து நடக்க வேண்டும். பட்டை கிழிக்கிறவரும் இழைக்கிறவரும் வாரம் ஒரு முறை வேலையை மாற்றிக்கொண்டால் ஒரே விரலில் சுமை ஏறாது. மஞ்சள் பல்பின் கீழ் சாயப்பட்டை எண்ணி இழைப்பது கண்ணைக் கெடுக்கும். வண்ண வேலை பகலில், வெள்ளை ஓலை வேலை இரவில் என்று பிரித்துக்கொள்ளுங்கள். விரல் மரத்துப்போவது ஒரு வாரத்துக்கு மேல் நீடித்தால் மருத்துவரிடம் போங்கள். அந்த ஆர்டரின் தேதியைத் தள்ளிவைக்கக் கேட்பதில் குறைவொன்றும் இல்லை.